தென்கொரியா ஒரே பிரவுசருக்குள் மாட்டிக்கொண்ட கதை

2008 வாக்கில் சோல் நகரில் ஒருவர் வீட்டுக் கணினியிலிருந்து வாடகைப் பணம் அனுப்ப உட்காருகிறார் என்று வைத்துக்கொள்வோம். எந்த பிரவுசரைத் திறப்பது என்ற யோசனைக்கே இடமில்லை. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர்தான். வங்கித் தளம் வந்ததும் பக்கத்தின் மேலே ஒரு மஞ்சள் பட்டை எட்டிப்பார்க்கும். அதை அமுக்கி, நிறுவச் சொன்னால் ஒரு நிரல் இறங்கும். பக்கம் மறுபடி முதலிலிருந்து ஏறும். உடனே அடுத்த பட்டை. இது, விசைப்பலகையில் தட்டுவதை யாரும் ஒட்டுக்கேட்காமல் காக்கிற நிரலாம். சரி என்று கொடுத்தால் மூன்றாவதாக ஒரு ஃபயர்வால். அப்புறம் சான்றிதழைக் கையாள ஒன்று. எல்லாம் இறங்கி முடிந்ததும் ஒரு சன்னல் கேட்கும்: உங்கள் சான்றிதழ் எங்கே இருக்கிறது, ஹார்ட் டிஸ்க்கிலா, பென் டிரைவிலா? பென் டிரைவைச் செருக வேண்டும். அதில் 'என்பிகேஐ' என்ற ஃபோல்டருக்குள் அவருடைய டிஜிட்டல் கையெழுத்து சின்னச் சின்னக் கோப்புகளாக இருக்கும். கடவுச்சொல்லைத் தட்டி, வங்கி கொடுத்த அட்டையில் அச்சடித்திருக்கும் முப்பது சொச்சம் எண்களில் கேட்டதைத் தேடித் தட்டி, கடைசியில் பணம் போகும்.

மறுநாள் வேறொரு வங்கிக்குப் போனால், வேறு கம்பெனியின் விசைப்பலகைக் காவல், வேறு ஃபயர்வால். மறுபடியும் மஞ்சள் பட்டை.

அகலப்பட்டை இணைப்பு வீட்டுக்கு வீடு போய்ச் சேர்ந்திருந்த ஒரு நாட்டில், இப்படித்தான் பத்துப் பதினைந்து வருடம் ஓடியது. யாரும் சோம்பேறித்தனத்தால் செய்ததில்லை. எல்லாம் பாதுகாப்புக்காகச் செய்தது. அதனால்தான் இந்த வழக்கை எடுத்துக்கொண்டேன். அலுவலகத்துக்கு எந்த பிரவுசரை டிஃபால்ட்டாக வைக்கலாம் என்று என்னிடம் கேட்பவர்கள் எல்லோரும் இரண்டு விஷயம்தான் கேட்கிறார்கள்: பாதுகாப்பானதா, எல்லாத் தளமும் அதில் திறக்குமா? கொரியாவில் எக்ஸ்ப்ளோரருக்கு இந்த இரண்டு கேள்விக்கும் சட்டப்படியே 'ஆம்' என்ற பதில் இருந்தது. மூன்றாவதாக ஒன்றைக் கேட்க மட்டும் விட்டுப்போனது: நாளைக்கு இதில் ஒரு ஓட்டை என்றால், இதை விட்டு வெளியே போக முடியுமா?

நாற்பது பிட்டில் தொடங்கியது

1990களில் அமெரிக்கா வலுவான குறியாக்கத்தை, அதாவது தகவலைப் பிறர் படிக்க முடியாதபடி பூட்டி அனுப்பும் முறையை, ஏறக்குறைய ஆயுதம் மாதிரி நடத்தியது. நாட்டைவிட்டு வெளியே அனுப்பக் கட்டுப்பாடு. அதனால் பிரவுசர்களிலும் இரண்டு வகை: அமெரிக்கர்களுக்கு 128 பிட், மற்றவர்களுக்கு 40 பிட். 40 பிட் என்பது பூட்டு மாதிரி தெரிகிற கொக்கி, அவ்வளவுதான். 1995 ஆகஸ்டில் பிரான்சில் ஓர் ஆய்வாளர், ஆய்வகத்துக் கணினிகளின் ஓய்வு நேரத்தை ஒன்றுசேர்த்து, அந்தக் காலத்து பிரவுசரான நெட்ஸ்கேப்பின் 40 பிட் பூட்டு ஒன்றை எட்டே நாளில் உடைத்துக் காட்டினார்.

இணைய வங்கியைத் தொடங்க நினைத்த கொரியாவுக்கு இது சரிப்பட்டு வருமா? வராது. சும்மா புலம்பிக்கொண்டும் இருக்கவில்லை. கொரியத் தகவல் பாதுகாப்பு முகமை சொந்தமாக 128 பிட் குறியாக்க முறை ஒன்றை உருவாக்கியது. பெயர் 'சீட்'. 1999இல் அது நாட்டின் தரநிலையானது. பின்னால் பன்னாட்டுத் தரநிலையிலும் இடம் பிடித்தது. கணக்கு வழியில் அதில் குறை சொல்ல எதுவுமில்லை. அதே 1999 ஜூலையில் மின்கையெழுத்துச் சட்டமும் நடைமுறைக்கு வந்தது. அரசு அங்கீகரித்த அமைப்புகள் குடிமக்களுக்கு டிஜிட்டல் சான்றிதழ் கொடுக்கும்; அதைக் காட்டி வங்கியிலும் கடையிலும் 'நான்தான்' என்று நிரூபிக்கலாம். அந்தக் காலத்துக்கு இது உலகமே திரும்பிப் பார்க்க வேண்டிய ஏற்பாடு.

ஒரே ஒரு சிக்கல். சீட் என்றால் என்னவென்று எந்த பிரவுசருக்கும் தெரியாது. தெரியாததைச் சொல்லிக்கொடுக்க பிரவுசருக்குள் வெளியிலிருந்து நிரல் செருக வேண்டும். நெட்ஸ்கேப்புக்கு பிளக்-இன், எக்ஸ்ப்ளோரருக்கு ஆக்டிவ்எக்ஸ். முதலில் இரண்டுக்கும் செய்தவர்கள் உண்டு. நெட்ஸ்கேப் செத்துப்போனதும் ஆக்டிவ்எக்ஸ் மட்டும் நின்றது.

அமெரிக்கா என்ன செய்தது? 2000 ஜனவரியில் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டைத் தளர்த்திவிட்டது. 128 பிட் குறியாக்கம் எல்லா ஊர் பிரவுசருக்குள்ளும் வந்துவிட்டது. பரிசல் வாங்கிக் கட்டிப்போட்ட மறுநாள் ஆற்றுக்குப் பாலம் வந்த கதைதான். ஆனால் அதற்குள் பரிசலில்தான் போக வேண்டும் என்று சட்டம் போட்டாயிற்று, பரிசல்காரர்களுக்கு உரிமமும் கொடுத்தாயிற்று.

ஆக்டிவ்எக்ஸ் என்ன செய்யும்

இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் பின்னால் வரும் எல்லாமே இதிலிருந்துதான் கிளைக்கிறது.

சாதாரண வலைப்பக்கம் உங்கள் கணினியில் பெரிதாக எதையும் தொட முடியாது. ஃபோல்டர்களைத் திறக்காது, வேறு நிரலை ஓட்டாது. பக்கத்துக்குப் போட்ட வேலி அது. 1996இல் மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்த ஆக்டிவ்எக்ஸ் அந்த வேலியைத் தாண்டுவதற்கென்றே செய்த கதவு. அதன் வழியாக இறங்கும் நிரல், நீங்களே சிடி போட்டு நிறுவிய நிரலுக்குச் சமம். உங்களுக்கு என்ன அதிகாரம் உண்டோ அத்தனையும் அதற்கும் உண்டு. இறங்குவதற்கு முன் 'இந்த நிறுவனத்தை நம்புகிறீர்களா?' என்று ஒரே ஒரு கேள்வி. காவல் அவ்வளவுதான்.

கொரியர்கள் அந்தக் கேள்விக்கு ஒரு நாளைக்கு எத்தனை தடவை 'ஆம்' கொடுத்திருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள். வங்கியில் நான்கு, வரித் தளத்தில் இரண்டு மூன்று, கடையில் ஒன்றிரண்டு. 'இல்லை' கொடுத்தால் வேலை நடக்காது. தளத்திலேயே படம் போட்டு, அம்புக்குறி வைத்து, 'மஞ்சள் பட்டையை அமுக்கி நிறுவவும்' என்று சொல்லிக்கொடுத்திருப்பார்கள். அந்த மஞ்சள் பட்டை, 2004இல் விண்டோஸ் எக்ஸ்பியின் இரண்டாவது சர்வீஸ் பேக்கில், கண்ட நிரலும் இறங்காமல் தடுக்க மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்த எச்சரிக்கை. ஒரு நாடு முழுக்க அந்த எச்சரிக்கையை நுழைவாயிலாகப் பயன்படுத்தப் பழகிக்கொண்டது.

என்னைக் கேட்டால், இந்தப் பழக்கம்தான் ஓட்டைகளைவிடப் பெரிய சேதம். ஓட்டைக்கு ஒட்டுப் போடலாம். யோசிக்காமல் 'ஆம்' அமுக்குகிற விரலுக்கு என்ன அப்டேட் கொடுப்பது?

சான்றிதழ் கதையும் அப்படித்தான். டிஜிட்டல் கையெழுத்து என்றால் கைக்குள் பொத்தி வைக்க வேண்டிய சமாச்சாரம். இங்கே அது ஹார்ட் டிஸ்க்கில் எல்லோருக்கும் தெரிந்த பெயருள்ள ஒரு ஃபோல்டர். கணினிக்குள் நுழைந்த தீநிரலுக்குத் தேடவேண்டிய அவசியம்கூட இல்லை. என்பிகேஐயை அப்படியே வழித்துக்கொண்டு போய்விடலாம். போகவும் செய்தன.

பூட்டு இறுகியது

அதற்கடுத்து ஒவ்வொரு வருடமும் முடிச்சு இறுகியதே தவிர அவிழவில்லை. இணைய வங்கிக்குச் சான்றிதழ் கட்டாயம். 3 லட்சம் வானுக்கு (வான் கொரிய நாணயம்) மேல் அட்டையில் பொருள் வாங்கினாலும் கட்டாயம். தளம் செய்கிறவர்களுக்கு எக்ஸ்ப்ளோரர் தவிர வேறெதையும் சோதித்துப் பார்க்க வேண்டிய தேவையே இல்லாமல் போனது. வங்கிக்கு வேண்டும் என்று எல்லோரும் எக்ஸ்ப்ளோரர் வைத்திருந்தார்கள். எல்லோரிடமும் இருக்கிறதே என்று பள்ளி, சினிமா டிக்கெட், செய்தித்தாள் எல்லாம் அதற்கென்றே எழுதப்பட்டன. பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அதைத்தான் பயன்படுத்தினார்கள். மேக் வைத்திருந்தவர்கள் பணம் அனுப்ப இன்னொரு விண்டோஸ் கணினியைத் தேடிப் போனார்கள்.

இதை எதிர்த்து முதலில் சட்டத்தின் பக்கமிருந்து மோதியவர் கொரியா பல்கலைக்கழகத்தின் சட்டப் பேராசிரியர் கிம் கீசாங். 'ஓப்பன் வெப்' என்று ஓர் இயக்கமாகவே நடத்தினார். சான்றிதழ் வழங்கும் பெரிய அமைப்புகளில் ஒன்றான நிதித் தொடர்புத் தீர்வக நிறுவனம் மற்ற பிரவுசர்களுக்கும் சேவை தர வேண்டும் என்று 2007இல் வழக்குப் போட்டார். 2009இல் உச்ச நீதிமன்றம் வரை போய்த் தோற்றார். வேறு பிரவுசரை ஆதரிக்க வேண்டிய சட்டக் கடமை அந்த நிறுவனத்துக்கு இல்லை என்று ஆகிவிட்டது. யாரும் பயன்படுத்துவதில்லை என்பதால் ஆதரவில்லை, ஆதரவில்லை என்பதால் யாரும் பயன்படுத்துவதில்லை. செக்கு மாடு மாதிரி சுற்றிச் சுற்றி அதே இடம்.

அதைவிட எனக்கு விசித்திரமாகப் படுவது 2007 ஜனவரி. அப்போதுதான் விண்டோஸ் விஸ்டா வந்தது. அதில் மைக்ரோசாஃப்டே ஆக்டிவ்எக்ஸ் மேல் கடிவாளம் போட்டிருந்தது. எந்த நிரலும் கேட்காமல் கணினியின் உள்பகுதிகளைத் தொட முடியாது. நல்ல காரியம். ஆனால் கொரிய வங்கிகளின் நிரல்கள் அதில் படுத்துவிட்டன. அரசுத் தரப்பிலிருந்தே மக்களுக்குச் சொன்னார்கள்: கொஞ்சம் பொறுங்கள், இப்போதைக்கு விஸ்டாவுக்கு மாறாதீர்கள். பாதுகாப்பு கூடிய புதிய பதிப்பு, பாதுகாப்புக்காகப் போட்ட பழைய ஏற்பாட்டுக்கு ஆகாததாகிவிட்டது.

2010 ஜனவரி, ஆறு நாட்கள்

வெளியே போக வழி இருப்பதும் இல்லாததும் எவ்வளவு வித்தியாசம் என்பதற்கு இந்த ஆறு நாட்கள் போதும்.

2010 ஜனவரி 12 அன்று கூகுள் ஓர் அறிவிப்பு வெளியிட்டது: சீனாவிலிருந்து வந்த தாக்குதலில் தன்னுடைய கணினிகளுக்குள் ஊடுருவல் நடந்திருக்கிறது. 'ஆப்பரேஷன் அரோரா' என்று பின்னால் பெயர் வாங்கிய தாக்குதல். ஓரிரு நாளில் தெரிந்தது, உள்ளே வர அவர்கள் பயன்படுத்திய வழிகளில் ஒன்று எக்ஸ்ப்ளோரரில் யாருக்கும் தெரியாமல் இருந்த ஓர் ஓட்டை. அதற்கு மருந்து அப்போது இல்லை. ஜனவரி 15 அன்று ஜெர்மனியின் தகவல் பாதுகாப்பு அலுவலகம் மக்களுக்கு நேரடியாகச் சொல்லிவிட்டது: ஒட்டு வரும்வரை வேறு பிரவுசரைப் பயன்படுத்துங்கள். பிரான்சும் அதையே சொன்னது. மைக்ரோசாஃப்ட் வழக்கமான மாதாந்திரத் தேதிக்குக் காத்திராமல், ஜெர்மனி எச்சரித்து ஆறு நாள் கழித்து, ஜனவரி 21 அன்று ஒட்டை வெளியிட்டது.

ஜெர்மனியில் ஒருவர் அன்று மாலையே ஃபயர்ஃபாக்ஸை இறக்கி, அடுத்த நாள் காலை அதிலேயே வங்கிக் கணக்கைப் பார்த்திருப்பார். கொரியாவில் அதே எச்சரிக்கையை வாசித்தவர் என்ன செய்ய முடியும்? செய்தி படிக்க ஃபயர்ஃபாக்ஸ் வைத்துக்கொள்ளலாம். பணம் அனுப்ப, வரி கட்ட, ஓட்டையுள்ள அதே பிரவுசர்தான். இருக்கிற காசையும் கையெழுத்தையும் தொடுகிற வேலைகளுக்கு மட்டும் மாற்று கிடையாது. எந்த பிரவுசருக்கும் ஓட்டை வரும். இன்றைக்கு குரோமுக்கும் ஃபயர்ஃபாக்ஸுக்கும் சஃபாரிக்கும் வருகிறது. அந்த நாளில் கதவைத் திறந்துகொண்டு பக்கத்து அறைக்குப் போக முடிகிறதா என்பதில்தான் இருக்கிறது விஷயம்.

கோட்டு வாங்க முடியாத சீன ரசிகர்கள்

முடிச்சை அவிழ்க்கத் தொடங்கியது பாதுகாப்பு நிபுணர்கள் என்று எழுத எனக்கு ஆசைதான். நிஜத்தில் அது ஒரு ஃபோன், அப்புறம் ஒரு கோட்டு.

2009 நவம்பர் இறுதியில் ஐபோன் கொரியாவுக்கு வந்தது. அதில் ஆக்டிவ்எக்ஸ் ஓடாது. யார் கெஞ்சினாலும் ஓடாது. கையில் ஐபோன் வைத்திருப்பவர்கள் வங்கியைக் கேட்க ஆரம்பித்தார்கள். 2010இல் அரசு கொஞ்சம் இறங்கிவந்து, சிறு தொகைகளுக்கு வேறு வழிகளை அனுமதித்தது.

கோட்டுக் கதை 2014 மார்ச் 20இல். அன்றைய அதிபர் பார்க் குன்ஹே கட்டுப்பாடுகளைக் குறைப்பது பற்றி ஒரு கூட்டம் நடத்தினார். ஏழு மணி நேரம், தொலைக்காட்சியில் நேரடி ஒளிபரப்பு. அப்போது சீனாவில் சக்கைப்போடு போட்டுக்கொண்டிருந்த ஒரு கொரியத் தொலைக்காட்சித் தொடரில் கதாநாயகி அணிந்த கோட்டை வாங்க சீன ரசிகர்கள் கொரியக் கடைத் தளங்களுக்கு வருகிறார்கள், சான்றிதழ் இல்லாததால் வாங்க முடியாமல் திரும்பிப் போகிறார்கள் என்று அங்கே சொன்னார். பதினைந்து வருடமாக உள்நாட்டுக்காரர்கள் பட்டது கேட்கவில்லை. வியாபாரம் போகிறது என்றதும் கேட்டது. அந்த மே மாதமே அட்டையில் பொருள் வாங்கச் சான்றிதழ் கட்டாயமில்லை என்றானது; 2015இல் இணைய வங்கிக்கும் கட்டாயம் போனது. 2020 மே மாதம் நாடாளுமன்றம் சட்டத்தையே திருத்தியது. அந்த ஆண்டு டிசம்பர் 10 முதல் அரசு அங்கீகாரச் சான்றிதழ் என்ற தனி அந்தஸ்து ஒழிந்தது; அடுத்த ஜனவரியில் வருமான வரிக் கணக்கு முடிக்கும்போது ககாவ் மாதிரித் தனியார் நிறுவனங்களின் சான்றிதழ்களைக் கொண்டே உள்ளே போக முடிந்தது.

வேலி போனது, வேலிக்காரன் வீட்டுக்குள்ளேயே குடிவந்தான்

கதை இத்துடன் சுபமாக முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை.

2015 செப்டம்பரில் குரோம் பழைய பாணி பிளக்-இன்களை அறவே நிறுத்தியது. 2017இல் ஃபயர்ஃபாக்ஸும். மைக்ரோசாஃப்டின் எட்ஜ் பிறந்தபோதே ஆக்டிவ்எக்ஸ் இல்லாமல்தான் பிறந்தது. இனிமேல் பிரவுசருக்குள் எதையும் செருக முடியாது. சரி, செருகாமல் விட்டார்களா? ஆக்டிவ்எக்ஸை எடுத்துவிட்டோம் என்று சொல்லி, அதற்குப் பதில் சாதாரண எக்ஸி கோப்பாக இறக்கிக் கணினியிலேயே நிறுவச் சொன்னார்கள். பிரவுசரில் ஓடியது இப்போது எந்நேரமும் பின்னணியில் ஓடுகிறது. வங்கிப் பக்கம் அதனோடு பேச, கணினிக்குள்ளேயே ஒரு குட்டி சர்வர். இதில் என்ன வினை என்றால், வங்கிப் பக்கம் அதனோடு பேச முடியுமென்றால், அந்த நிரல் கவனமாக எழுதப்படாவிட்டால், வேறு எந்தப் பக்கமும் பேசலாம்.

2023 ஜனவரியில் விளாடிமிர் பலான்ட் இதைத்தான் காட்டினார். ஆட்பிளாக் பிளஸை உருவாக்கியவர் அவர். கொரிய வங்கிகள் கட்டாயமாக நிறுவச்சொல்லும் நிரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார். விசைப்பலகையை ஒட்டுக்கேட்காமல் காக்க வந்த நிரலையே ஒட்டுக்கேட்கும் கருவியாக மாற்ற முடியும் என்று காட்டியதுதான் அதில் உச்சம்.

அது வெறும் ஆராய்ச்சிச் சோதனையாக நிற்கவில்லை. அதே 2023 மார்ச் மாத இறுதியில் கொரிய உளவுத்துறை சொன்னது: வங்கிப் பாதுகாப்புக்கான இப்படிப்பட்ட ஒரு சான்றிதழ் நிரலின் ஓட்டை வழியாக வடகொரிய ஊடுருவிகள் சுமார் 60 அமைப்புகளின் 200க்கும் மேற்பட்ட கணினிகளுக்குள் போயிருக்கிறார்கள். அந்த நிரல் ஒரு கோடிக்கும் அதிகமான கணினிகளில் இருந்தது. நவம்பரில் பிரிட்டன், கொரியா இரண்டும் சேர்ந்து இன்னொரு சான்றிதழ் நிரல் பற்றி எச்சரித்தன. ஒரு செய்தித் தளத்தைக் கெடுத்துவைத்து, அதைப் படிக்க வந்தவர்களின் கணினியில் அந்த நிரல் இருந்தால் உள்ளே நுழைகிற தந்திரம். 2025இல் கொரிய ஆய்வாளர்கள் இப்படிப்பட்ட ஏழு நிரல்களை ஆராய்ந்து 19 ஓட்டைகளைக் கண்டுபிடித்தார்கள். இதில் கவனிக்க வேண்டியது: பாதிக்கப்பட்டவரின் டிஃபால்ட் பிரவுசர் நல்ல, புத்தம்புதிய குரோமாகவே இருந்திருக்கலாம். அதன் வேலி எவ்வளவு உயரம் என்பதைப் பற்றி, வீட்டுக்குள் குடியிருப்பவனுக்கு என்ன கவலை?

கல்லறை வைத்த பிறகும்

2022 ஜூன் 15 அன்று மைக்ரோசாஃப்ட் எக்ஸ்ப்ளோரருக்கு ஓய்வு கொடுத்தது. கொரியாவில் ஒரு மென்பொறியாளர் 4,30,000 வான் செலவழித்து அதற்குக் கல்லறைக் கல் செய்து, கியோங்ஜு ஊரில் தன் அண்ணனின் கஃபே மாடியில் வைத்தார். நீல 'இ' எழுத்துப் பொறித்து, மற்ற பிரவுசர்களை இறக்க நல்ல கருவியாக இருந்தவர் என்று வாசகமும் போட்டார். படம் உலகமெல்லாம் சுற்றியது.

நான்கு மாதம் கழித்து, அக்டோபர் 29 இரவு, சோலின் இத்தேவான் பகுதியில் ஹாலோவீன் கூட்ட நெரிசலில் 150க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இரண்டொரு நாளில் அந்த விபத்தின் நிலவர அறிக்கை மாதிரி ஒரு வேர்ட் கோப்பு பலருக்கும் வந்தது. திறந்தால், வெளியிலிருந்து ஒரு பக்கத்தை இழுக்கும். வேர்ட் அப்படிப்பட்ட பக்கத்தைக் காட்டப் பயன்படுத்தியது எதை? விண்டோஸுக்குள் இன்னும் கிடக்கும் எக்ஸ்ப்ளோரரின் எஞ்சினை. அதில் யாருக்கும் தெரியாத ஓட்டை. வடகொரியாவின் ஏபிடி37 என்ற ஊடுருவிக் குழுவின் வேலை என்று கூகுள் கண்டறிந்தது. நவம்பர் 8 அன்று ஒட்டு வந்தது. கல்லறை வைத்தாயிற்று, பேய் மட்டும் போகவில்லை.

2024இலும் அதே குழு, அதே எஞ்சின். இலவச மென்பொருள்கள் திரையின் வலது மூலையில் காட்டுகிற விளம்பரச் சன்னல் இருக்கிறதல்லவா, அது உள்ளே எக்ஸ்ப்ளோரர் எஞ்சினை வைத்து ஓடிக்கொண்டிருந்தது. விளம்பர சர்வரைக் கெடுத்தார்கள். பயனர் எதையும் அமுக்கவே வேண்டாம்.

நம்மூர் மேசையில்

இதெல்லாம் கொரியாவின் கதை என்று தள்ளிவைக்க எனக்கு மனம் வரவில்லை. காரணம், சில வருடங்களுக்கு முன் நான் கணினி பார்த்துக்கொள்ளும் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் பார்த்த ஒரு பெட்டி. ஆறு கணினிகளில் அது மட்டும் விண்டோஸ் 7. மானிட்டர் ஓரத்தில் செல்லோடேப் போட்டு ஒட்டிய காகிதம்: 'அப்டேட் பண்ணாதே'. பழைய ஜாவா, எக்ஸ்ப்ளோரர், டிஜிட்டல் கையெழுத்துச் சாவி இருக்கும் டிஎஸ்சி டோக்கன் (பென் டிரைவ் மாதிரி செருகுவது). நான் மவுஸில் கை வைத்ததுமே அங்கே வேலை பார்க்கும் தம்பி பதறினார்.

"அண்ணே, அதை மட்டும் தொட்டுடாதீங்க. டோக்கன் அதுல மட்டும்தான் எடுக்கும். போச்சுன்னா சார் என்னைத்தான் கேப்பாரு."

நம்முடைய டோக்கன் கொரியாவின் என்பிகேஐ ஃபோல்டரைவிட ஒரு படி மேல். சாவி அதற்குள்ளேயே இருக்கும், கோப்பாக வழித்துக்கொண்டு போக முடியாது. மற்றபடி அதே கதை: கையெழுத்துப் போட ஒரு தளம், அதற்கு ஒரு செருகு நிரல், அதற்காகவே உறைந்துபோன ஒரு கணினி. அதே கணினியில்தான் மெயிலும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அன்று எந்த பிரவுசர் நல்லது என்ற விவாதத்துக்குள் நாங்கள் போகவில்லை. முதலில் ஒரு பேப்பரில் அலுவலகம் பயன்படுத்தும் தளங்களை எழுதச் சொன்னேன். பதினேழு வந்தது. ஒவ்வொன்றையும் குரோமிலும் ஃபயர்ஃபாக்ஸிலும் திறந்து, உள்ளே போய், ஏதாவது ஒன்றைத் தரவிறக்கிப் பார்த்தோம். பயம் காட்டிய அளவுக்கு ஒன்றுமில்லை. எக்ஸ்ப்ளோரர் இல்லாமல் முடியாது என்று நின்றது ஒரே தளம். அந்த ஒன்றுக்காக ஆறில் ஒரு கணினியை வாசல் திறந்து வைத்திருந்தார்கள்.

விண்டோஸ் 7ஐ எடுப்பதுதான் முதல் வேலையாக இருந்தது. 2023 பிப்ரவரியில் வந்த 110ஆம் பதிப்பிலிருந்து குரோம் அதில் ஓடுவதில்லை. செத்த இயங்குதளத்தின் மேல் எந்த பிரவுசரை வைத்தாலும் அது சீக்கிரம் பழசாகும். புது விண்டோஸ் போட்டபின், அந்த ஒரு தளத்தின் முகவரியை மட்டும் எட்ஜின் எக்ஸ்ப்ளோரர் மோடில் (பழைய தளங்களை எட்ஜுக்குள்ளேயே எக்ஸ்ப்ளோரர் எஞ்சினில் திறக்கும் வசதி) சேர்த்தோம். 2029 வரையாவது அந்த மோடுக்கு ஆதரவு உண்டு என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்கிறது. பட்டியலில் ஒரே முகவரி. இரண்டாவதாக ஒன்றைச் சேர்க்க வேண்டுமானால் எனக்கு ஃபோன் செய்ய வேண்டும்.

டிஃபால்ட்டாக குரோம். இதில் எனக்குப் பெரிய பக்தி ஒன்றும் கிடையாது. அவர்கள் எல்லோருக்கும் கை பழகியது அதுதான். ஒவ்வொரு தளத்தையும் தனித்தனி அறையில் பூட்டி வைக்கிறது. 2023 ஆகஸ்டிலிருந்து பாதுகாப்பு ஒட்டுகள் வாராவாரம் வருகின்றன. எட்ஜ் வைத்திருந்தாலும் குறை சொல்லியிருக்க மாட்டேன், இரண்டுக்கும் எஞ்சின் குரோமியம்தான். பிரேவ், ஓபெரா, சாம்சங் இன்டர்நெட், கொரியாவின் நேவர் நிறுவனம் செய்த 'வேல்' (Whale) பிரவுசர் எல்லாமே அதுதான். அதனாலேயே, இரண்டாவது பிரவுசர் என்று குரோமுக்குப் பக்கத்தில் எட்ஜை வைத்துக்கொண்டு நிம்மதியாக இருப்பது ஏமாற்று வேலை. எஞ்சினில் ஓட்டை என்றால் இரண்டும் சேர்ந்துதான் ஒழுகும். ஆறு கணினியிலும் ஃபயர்ஃபாக்ஸ் போட்டோம், தானாக அப்டேட் ஆகும்படி.

கொரியாவிடமிருந்து நேரடியாக எடுத்தது ஒன்று உண்டு. கையெழுத்துக்காகப் பின்னணியில் ஓடும் நிரல், டோக்கன் செருகும் ஒரே கணினியில் மட்டும். அதிலும் கையெழுத்து வேலை இருக்கும்போது தொடங்கி, முடிந்ததும் நிறுத்திவிடுவது. முன்பு ஆறிலும் நிறுவி வைத்திருந்தார்கள். ஏன் என்று கேட்டேன். "எதுக்கும் இருக்கட்டும்னுதாண்ணே" என்றார் தம்பி.

அப்புறம் மாதம் ஒருமுறை, முதல் திங்கட்கிழமை காலையில், அந்தப் பதினேழு தளங்களையும் ஃபயர்ஃபாக்ஸில் திறந்து பார்க்க வேண்டும் என்று ஓர் ஏற்பாடு. அரை மணி நேர வேலை, தம்பிதான் செய்கிறார். ரொம்ப நாள் எல்லாம் ஒழுங்காகத் திறந்தது. போன மாதம் ஒரு தளத்தில் படிவத்தை முழுக்க நிரப்பியபின் கீழே இருக்க வேண்டிய பொத்தான் ஃபயர்ஃபாக்ஸில் வரவே இல்லை. உதவி எண்ணுக்குப் பேசினோம். பத்து நிமிடம் இசை கேட்டபின் ஓர் அம்மா எடுத்தார்.

"குரோம்ல பாருங்க சார். எல்லாரும் குரோம்லதானே போடறாங்க."

குரோமில் பார்த்தோம். பொத்தான் இருந்தது. தம்பி படிவத்தை அனுப்பிவிட்டு, பேப்பரில் அந்தத் தளத்தின் பெயருக்கு நேரே சிவப்பு மையில் ஒரு சுழி போட்டு வைத்தார்.